19 வருஷ ஷார்ஜா வாழ்க்கையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறேன்: எந்தக் கணக்கை எப்போது மூடுவது?

கடைமடைக்காரன் (ஆகஸ்ட் 2025)

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006-ல் ஏசி டெக்னீசியனாக ஷார்ஜா வந்தேன். அப்போது ஒரு திர்ஹாமுக்கு 12 ரூபாய் சொச்சம். இப்போது துபாய் அல் கூஸில் ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். தங்குவது ஷார்ஜா ரோலாவில், ஆறு பேர் ரூம். குடும்பம் பேராவூரணி பக்கம். வரும் டிசம்பரில் விசாவை கேன்சல் பண்ணிவிட்டு மொத்தமாகக் கிளம்புகிறேன். ஆகஸ்ட் வெயிலில் மொட்டை மாடி ஏறி கம்ப்ரஸர் மாற்றுவதற்கு இனி என் முதுகு ஒத்துக்கொள்ளாது. கஜா புயலில் போன தென்னைக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இப்போதுதான் காய்க்க ஆரம்பித்திருக்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டு, கூடவே கடைத்தெருவில் ஒரு ஏசி சர்வீஸ் கடை போடலாம் என்று நினைப்பு.

என் கையிருப்பு இதுதான். ஊர் வங்கியில் என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும் கணக்கு), அதோடு மூன்று எஃப்டி, மொத்தம் 22 லட்சம். ஒன்று மார்ச்சில் முடிகிறது, மற்றவை 2027-லும் 2028-லும். வெளிநாடு வருவதற்கு முன்பே திறந்த ஒரு பழைய சேமிப்புக் கணக்கும் இருக்கிறது, கடைத்தெரு வீட்டு வாடகை மாதம் 6,500 அதில் விழுகிறது. இங்கே ஒரு சம்பளக் கணக்கு, ஒரு கிரெடிட் கார்டு. லோன் எதுவும் இல்லை. இனி வர வேண்டியது கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி கொடுக்கும் பணம். பேசிக், அடிப்படைச் சம்பளம், மாதம் 4,200 திர்ஹாம்.

ரூமில் ஆளுக்கொரு சட்டம் சொல்கிறார்கள். "எஃப்டி இருப்பதை அப்படியே விடு, ஊருக்கு வந்ததை பேங்கில் சொல்லாதே, வட்டிக்கு வரி இல்லாமல் ஓடும்" என்கிறான் ஒருவன். "எல்லாத்தையும் உடைத்து மனைவி பேரில் போடு" என்கிறான் இன்னொருவன். இங்கே உள்ள கணக்கை எப்போது மூடுவது, கிராஜுவிட்டியை எப்படி அனுப்புவது, எஃப்டியை என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டகப்பால்

சகோ, கிராஜுவிட்டியை உண்டியலில் போட்டுவிடுங்க, அதான் வங்கி வழியாகப் போகாத ஹவாலா. எக்ஸ்சேஞ்சை விட திர்ஹாமுக்கு 30 பைசா கூட வரும். வீட்டிலேயே கொண்டுவந்து எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை?

பழைய கேஷியர்

உண்டியல் தம்பிக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பிடிபட்டால் ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் தொகையைப் போல மூன்று மடங்கு வரைக்கும் அபராதம் போடலாம். அதை விடுங்கள், பிடிபடவே இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கிராஜுவிட்டியாக வரும் சுமார் 17 லட்சத்தை மஞ்சப் பையில் வாங்கி என்ன செய்வார்? கடைக்கு இடம் வாங்கினால் விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வேறு எதற்கானாலும் 2 லட்சம் ரொக்கம் கை மாறினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். 19 வருஷம் வியர்வை சிந்திச் சம்பாதித்த காசுக்குக் கடைசி நாளில் போய் யாராவது கறுப்புச் சாயம் பூசுவார்களா?

இப்போது கடைமடைத் தம்பிக்கு. நான் டெல்டாவில் ஒரு வங்கிக் கிளையில் 11 வருஷம் என்ஆர்ஐ கவுன்டரில் உட்கார்ந்தவன். உங்களைப் போல எத்தனையோ பேர் சென்ட் வாசனையோடு வந்து எதிரில் உட்காருவார்கள், "சார், ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, எஃப்டியை மாத்தணுமா?" என்று. அப்போது என்னால் செய்ய முடிந்தது பெருமூச்சு விடுவது மட்டும்தான்.

இதில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது, அது புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்று ஃபெமா கடிகாரம். இனி ஊரில்தான் இருக்கப்போகிறேன் என்ற எண்ணத்தோடு திருச்சியிலோ சென்னையிலோ இறங்கினீர்களே, அந்த நாளோடு நீங்கள் உள்ளூர்க்காரர். நாள் கணக்கெல்லாம் கிடையாது. என்ஆர்இ கணக்கு அன்றிலிருந்து உங்களுக்கு உரியதல்ல. சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும், இல்லை வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ள ஆசை இருந்தால் ஆர்எஃப்சி கணக்குக்கு மாற்ற வேண்டும். என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை என்ற சலுகையும் அன்றோடு சரி. இன்னொன்று வருமான வரிக் கடிகாரம். அது நீங்கள் ஊரில் இருந்த நாட்களை எண்ணும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எஃப்டியை உடைக்காதீர்கள். இறங்கிய தேதியைச் சொல்லி, பாஸ்போர்ட் முத்திரைப் பக்கத்தின் நகலைக் கொடுத்தால் உள்நாட்டு எஃப்டியாக மாற்றித் தருவார்கள், முதிர்வு வரை ஓடும். வட்டிக்கு மட்டும் அன்றிலிருந்து வரி உண்டு.

"சொல்லாதே" என்கிற ரூம்மேட்டிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த வரிக்குப் பயந்து மறைக்கச் சொல்கிறாய்? 22 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் வருஷ வட்டி 1,54,000. வாடகை 78,000. கடையில் மாதம் 30,000 நின்றால் 3,60,000. கூட்டினால் 6 லட்சத்துக்குக் கீழே. புதிய வரி முறையில் உள்நாட்டில் வசிப்பவருக்கு 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரியே வராது. இல்லாத வரியைத் தப்பிக்க இருக்கிற விதியை மீறுவார்களா? என் கவுன்டருக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இப்படித்தான், ஒரு ரூபாய் வரிகூட வந்திருக்காது, ஆனால் இரண்டு வருஷம் தூக்கம் கெட்டிருக்கும். வங்கி வட்டியில் டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடித்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம்.

அந்தப் பழைய சேமிப்புக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2006-ல் விமானம் ஏறியபோதே அது என்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வருமானத்துக்கான கணக்கு, ஆகியிருக்க வேண்டும் தம்பி. 19 வருஷமாக அது தப்பான வகையில் நிற்கிறது. இனி நீங்கள் திரும்பி வருவதால் வகை தானாகப் பொருந்திவிடும். இருந்தாலும் வந்ததும் போய் கேஒய்சியை, அதாவது அடையாள விவரங்களை, புதுப்பியுங்கள்.

மூட்டை கட்டியாச்சு

கேஷியர் சார் ஊர்ப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் அங்கே பட்டதைச் சொல்கிறேன் அண்ணே. 2022-ல் துபாயிலிருந்து வந்தவன் நான், ஊர் அறந்தாங்கி.

முதலில் கிராஜுவிட்டி எவ்வளவு என்று நீங்களே போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஹெச்ஆர் சொல்கிற தொகையை நம்பி உட்காராதீர்கள். முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள், அதற்கு மேல் 30 நாள். உங்களுக்கு 105-ம் 420-ம் சேர்த்து 525 நாள். ஒரு நாள் பேசிக் 140. ஆக 73,500 திர்ஹாம். சம்பளமில்லாமல் லீவ் போட்ட நாள் இருந்தால் அது கழியும். வேலை முடிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம்.

ஆனால் நடப்பில் என்ன செய்வார்கள் தெரியுமா? கம்பெனியில் விசா வேலை பார்க்கிற பிஆர்ஓ ஒரு பேப்பரை நீட்டுவார், "கேன்சலேஷனுக்கு, சைன் போடுங்க" என்று. அதில் அரபியிலும் ஆங்கிலத்திலும், எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது என்று இருக்கும். நான் அவசரத்தில் போட்டுவிட்டேன். பணம் வந்தது 47-வது நாள், அதிலும் 6 வருஷ லீவ் சம்பளத்தைக் காணோம். கேட்டால் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார்கள். காசு கணக்கில் விழுந்த பிறகு, இல்லை செக் கையில் வந்த பிறகுதான் பேனாவை எடுங்கள்.

அடுத்தது சிம் கார்டு. இதை யாருமே சொல்ல மாட்டார்கள். 47-வது நாள் பணம் விழுந்தபோது நான் அறந்தாங்கியில். மெசேஜ் வந்தது, சந்தோஷப்பட்டேன். மறுநாள் அனுப்பலாம் என்று ஆப்பைத் திறந்தால் ஓடிபி வரவில்லை. எமிரேட்ஸ் ஐடி (அந்த நாட்டு அடையாள அட்டை) ரத்தானதும் அதன் பேரில் இருந்த சிம்மும் செத்துவிட்டது! நம்பரை மாற்ற வேண்டும் என்றால் நேரில் வா என்றார்கள். விசா இல்லாதவன் எங்கே நேரில் போவது? கடைசியில் விசிட் விசா போட்டு, டிக்கெட் போட்டு, மூன்று நாள் பழைய ரூமில் பாய் விரித்துப் படுத்து, காசை எடுத்துக்கொண்டு வந்தேன். செலவு 1,900 திர்ஹாம். பழைய ரூம்காரர்கள் பிரியாணி செய்து போட்டார்கள், அது ஒன்றுதான் லாபம்.

அதனால் கிளம்புவதற்கு முன்பே, ஐடி உயிரோடு இருக்கும்போதே, வங்கிக்கு நேரில் போய் இந்திய நம்பரைப் பதிவு பண்ணுங்கள். பண்ணிவிட்டு அங்கேயே நின்று 10 திர்ஹாம் யாருக்காவது அனுப்பிப் பாருங்கள். ஊர் சிம்முக்கு ஓடிபி வருகிறதா என்று பார்த்த பிறகு வங்கியை விட்டு வெளியே வாருங்கள்.

கார்டை நவம்பரிலேயே மூடச் சொல்லுங்கள். சம்பளக் கணக்கை மூடுவதற்கு ரொம்ப நாள் முன்னால் மூட வேண்டியது கார்டுதான். பழைய சந்தா, டெலிவரி ஆப் என்று கடைசிப் பில்லில் ஏதாவது வந்து ஒட்டிக்கொள்ளும். பாக்கி இல்லை என்று கடிதமும், கார்டுக்காகக் கொடுத்த செக்யூரிட்டி செக் இருந்தால் அதையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். 80 திர்ஹாம் பாக்கியை மறந்துவிட்டு வந்தால் அது வட்டியும் குட்டியுமாக வளர்ந்து, மறுபடி அந்த ஊருக்குப் போகும்போது தலைவலியாக வந்து நிற்கலாம்.

கடைமடைக்காரன்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சிம் விஷயம் கனவில்கூடத் தோன்றியிருக்காது.

கேஷியர் சார், அந்த இரண்டாவது கடிகாரம்? போன மே மாதம் 30 நாள் லீவில் ஊருக்கு வந்தேன். டிசம்பர் மூன்றாவது வாரம் இறங்குவேன். கிராஜுவிட்டிக்கு ஊரில் வரி போடுவார்களா? பாக்கியுள்ள சேமிப்பை டாலராக வைத்தால் நல்லதா?

பழைய கேஷியர்

டிசம்பர் 18 என்று வைத்துக்கொண்டால் மார்ச் 31 வரை 104 நாள், மே மாதத்து 30. ஆக 134. ஒரு நிதியாண்டில் 182 நாள் ஊரில் இருந்தால் வரிக்கு உள்ளூர்க்காரர், அதைத் தொடவில்லை. முந்தைய நாலு வருஷத்தில் வருஷம் 40 நாள் வீதம் வந்திருந்தாலும் 160 நாள்தான், 365 ஆகவில்லை, அதனால் இந்த வருஷம் 60 நாளும் முந்தைய நாலு வருஷத்தில் 365 நாளும் இருந்தால் உள்ளூர்க்காரர் என்கிற 60 நாள் விதியும் உங்களைப் பிடிக்காது. 2025-26 முழுவதும் வருமான வரிக்கு நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர்தான். கிராஜுவிட்டி அங்கே உழைத்து, அங்கேயே கணக்கில் வாங்கிய காசு. அதை ஊருக்கு அனுப்புவது வருமானம் ஆகாது. கவலை வேண்டாம். நம் ஆட்கள் பலர் ஜூன், ஜூலையில் வந்து இறங்கிவிட்டு அப்புறம் தலையைச் சொறிவார்கள். நீங்கள் தெரியாமலே நல்ல மாதத்தைப் பிடித்திருக்கிறீர்கள்.

அடுத்து 2026-27, 2027-28 இரண்டு வருஷமும் உங்களுக்கு ஆர்என்ஓஆர் என்ற இடைநிலை கிடைக்கும். முந்தைய 10 வருஷத்தில் 9 வருஷம் வெளிநாட்டுவாசியாக இருந்தவருக்கு அந்தச் சலுகை. அந்தக் காலத்தில் ஷார்ஜா கணக்கில் ஏதாவது வட்டி வந்தாலும் இங்கே வரி இல்லை. 2028-29-லிருந்து நீங்கள் முழு உள்ளூர்க்காரர். அப்போதும் அங்கே கணக்கு வைத்திருந்தால் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கணக்கு வைத்திருப்பது குற்றமில்லை, காட்டாமல் இருப்பதுதான் குற்றம். ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: கொரோனா வருஷத்தில் ஊரில் மாட்டிக்கொண்டு 182 நாளுக்கு மேல் இருந்தீர்களா? இருந்திருந்தால் இந்தக் கணக்கில் ஒரு வருஷம் குறையக்கூடும்.

டாலர் கேள்விக்கு. எஃப்சிஎன்ஆர் என்று ஒரு டெபாசிட் உண்டு, டாலராகவே நிற்கும். வெளிநாட்டில் இருக்கும்போதே போட்டால் திரும்பி வந்த பிறகும் முதிர்வு வரை ஓடும், ஆர்என்ஓஆர் ஆக இருக்கிற வரை வட்டிக்கு வரியும் இல்லை. திர்ஹாமை டாலரோடு 3.6725-க்குக் கட்டிப்போட்டிருப்பதால் மாற்றும்போது பெரிய இழப்பு இருக்காது. ஆனால் என் அபிப்பிராயம் கேட்டால், கடை அட்வான்ஸுக்கும் மகன் ஃபீஸுக்கும் போகிற காசுக்கு டாலர் வேஷம் எதற்கு? மகளை வெளிநாட்டில் படிக்க வைக்கிற யோசனை இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

பொன்னி அரிசி

அண்ணா, இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து வந்தபோது எல்லாப் பேப்பர் வேலையும் பார்த்தது நான்தான்.

"எல்லாம் மனைவி பேரில் போடு" என்று சொன்னவரிடம் சொல்லுங்கள், உங்கள் பணத்தை அண்ணி பேரில் போட்டாலும் வட்டி வரிக்கு உங்கள் கணக்கில்தான் சேரும். அதற்காக உடைத்தால் வட்டி போனதுதான் மிச்சம். அதை விட, எஃப்டிகளில் அண்ணி பெயர் நாமினியாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் கல்யாணத்துக்கு முன்னால் போட்ட மாமியார் பெயரே இருந்தது, மாமியார் போய் ஏழு வருஷம் ஆகியும்.

இன்னொன்று, எந்த வழியாக அனுப்பினாலும் "கமிஷன் இல்லை" என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், ரேட்டில் எடுத்துவிடுவார்கள். 73,500-க்கு 20 பைசா வித்தியாசம் என்றால் 14,700 ரூபாய். ஒரே நிமிஷத்தில் மூன்று இடத்து ரேட்டையும் வைத்து, கையில் எத்தனை ரூபாய் விழும் என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். அனுப்பிய ரசீது ஒவ்வொன்றையும் வைத்திருங்கள். வீட்டுக்கு லோன் கேட்டபோது அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று எங்களிடம் கேட்டார்கள்.

கடைமடைக்காரன்

ரசீதா! என் வீட்டில் 2006-லிருந்து ஒரு நோட்டு ஓடுகிறது. எந்தத் தேதி, எவ்வளவு ரூபாய் வந்தது, எதற்குச் செலவு என்று மனைவி எழுதி வைப்பாள். அதில் முதல் பதிவு 6,000 ரூபாய், அதில் 4,500 ஏஜென்ட் கடனுக்கு வட்டி. இப்போது மூன்றாவது நோட்டு.

கேஷியர் சார், கொரோனாவில் ஊர் வரவில்லை. ரூமிலேயே அடைந்து கிடந்தோம்.

கடைமடைக்காரன் (பிப்ரவரி 2026)

வந்து சேர்ந்தாச்சு. தேடி வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பிஆர்ஓ அதே பேப்பரை நீட்டினார். "காசு விழட்டும் சார், அன்றைக்கே சைன் போடுகிறேன்" என்றேன். முகம் சுளித்தார். 11-வது நாள் 72,380 திர்ஹாம் விழுந்தது. 2014-ல் அப்பா காரியத்துக்காகச் சம்பளமில்லாமல் இருந்த நாட்களைக் கழித்திருந்தார்கள். அது நியாயம்தான், விட்டுவிட்டேன்.

வங்கியில் டோக்கன் எடுத்து 40 நிமிஷம் உட்கார்ந்து ஊர் நம்பரைப் பதிவு பண்ணினேன். அங்கேயே நின்று ரூம்காரனுக்கு 10 திர்ஹாம் அனுப்பினேன். ஊர் சிம்மை ரோமிங்கில் போட்டிருந்தேன், ஓடிபி வந்தது. அந்த 10 திர்ஹாமை அவன் இன்னும் திருப்பித் தரவில்லை.

விமானம் ஏறும் முன்பே 70,000-ஐ ரோலா எக்ஸ்சேஞ்ச் வழியாக என்ஆர்இ கணக்குக்கு அனுப்பினேன், இரண்டு தடவையாக. வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற பையன், வந்து மூன்று மாதமாம், வீட்டுக்கு 400 திர்ஹாம் அனுப்ப ரேட் கேட்டுக்கொண்டிருந்தான். டாலர் யோசனையை விட்டுவிட்டேன், கடை அட்வான்ஸும் மெஷின்களும் காத்திருக்கின்றன. கார்டின் கடைசிப் பில்லுக்காகக் கொஞ்சம் விட்டுவைத்தேன். நல்ல வேளை, மறந்துபோன ஒரு போன் ரீசார்ஜ் 52 திர்ஹாம் வந்து நின்றது. ஜனவரி கடைசியில் பாக்கி இல்லை என்ற கடிதம் மெயிலில் வந்தது. மிச்சத்தைத் தென்னந்தோப்பில் நின்றுகொண்டே ஆப்பில் அனுப்பினேன். அந்தக் கணக்கில் இப்போது 3 திர்ஹாம் இருக்கிறது, மூடச் சொல்லி மனு போட்டிருக்கிறேன்.

இங்கே எஃப்டி மூன்றையும் மாற்றியாச்சு. கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்துவிட்டு, "வந்த மாதமே வந்து சொல்றவங்களை இப்பத்தான் சார் பாக்கிறேன்" என்றார்.

பழைய கேஷியர்

நல்லது தம்பி. எல்லாம் சரி, வாடகை விழுகிற அந்தப் பழைய கணக்குக்கு கேஒய்சி புதுப்பித்தாச்சா?

கடைமடைக்காரன்

நாளைக்குப் போகிறேன் சார்.